பிளக் புதுசு, பொறி மட்டும் இல்லை: பழைய பாயிண்ட் இன்ஜின், உதவுங்கள்

கேள்வி:
தண்ணீர் பம்போடு சேர்ந்த பழைய பெட்ரோல் இன்ஜின். பேட்டரி கிடையாது, ஃப்ளைவீலுக்கு (சுழலும் கனமான சக்கரம்) அடியில் பாயிண்ட் (கரண்டைத் திறந்து மூடும் குட்டி சுவிட்ச்), கண்டென்சர் (அந்தப் பாயிண்ட் கருகாமல் காப்பது) இருக்கும் வகை. இரண்டு வருடமாகச் சும்மா கிடந்தது. கயிறு இழுத்துத் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பொறி துளிகூட இல்லை. புது பிளக் போட்டும் அதே கதை. பிளக்குக்கு உயர் அழுத்தம் கொடுக்கும் காயிலை மாற்றிவிடலாமா?

பதில் 1:
காயிலுக்கு இப்போதே காசைக் கொட்டாதீர்கள். ஆஃப் சுவிட்சுக்குப் போகும் ஒயரை முதலில் கழற்றிவிட்டுப் பாருங்கள். அந்த ஒயர் எங்காவது தோல் உரிந்து பாடியில் பட்டாலே இன்ஜின் நிரந்தரமாக ஆஃபில் இருப்பதாகத்தான் அர்த்தம். பிளக்கின் இரும்பு உடம்பு ஹெட்டில் நன்றாகப் படும்படி வைத்து இழுங்கள். பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி வையுங்கள், உள்ளேயிருந்து பெட்ரோல் ஆவி வரும்.

கேட்டவர்:
ஒயரைக் கழற்றியாயிற்று. பிளக் கேப்பையும் எடுத்துவிட்டு, ஒயர் நுனியைக் கொஞ்சம் வெட்டிப் புதிதாக்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

பதில் 2:
எனக்கு இப்படித்தான் ஆனது, காயில் போயிருந்தது. மாற்றிவிடுங்கள்.

பதில் 3:
அண்ணே, அவசரப்படாதீர்கள். இரண்டு வருடம் கிடந்த இன்ஜினில் என் சந்தேகம் எப்போதும் பாயிண்ட் மேல்தான். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலின் முதல் சுற்றில் கரண்ட் ஓட வேண்டும். பாயிண்ட் திறந்து அது சட்டென்று அறுபடும்போதுதான் பிளக்குக்கு உயர் அழுத்தம் போகும். பாயிண்ட்டின் இரண்டு முனையும் தொடும் முகத்தில் மெல்லிய படலம் பிடித்தாலே போதும், அந்தக் கரண்ட் ஓடாது.

ஃப்ளைவீலைப் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டு எடுங்கள். ஃப்ளைவீல் உட்கார்ந்திருக்கும் கிராங்க் தண்டின் நுனியில் சுத்தியலால் அடித்தால் மரை போய்விடும், பேரிங்கும் சேர்ந்து போகும். பாயிண்ட்டில் மாட்டியிருக்கும் காயில் ஒயரையும் கண்டென்சர் ஒயரையும் கழற்றிவிட்டு மல்டிமீட்டர் வையுங்கள். கழற்றாமல் வைத்தால் காயில் வழியாகவே எர்த் காட்டி உங்களை ஏமாற்றிவிடும். பாயிண்ட் மூடினால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும், திறந்தால் எதுவுமே காட்டக் கூடாது. திறந்தும் பூஜ்யம் காட்டினால் இன்சுலேஷன் வாஷர் உடைந்திருக்கும்.

கேட்டவர்:
எடுத்துவிட்டேன். மூடிய நிலையில் 40 ஓம் பக்கம் காட்டுகிறது, கைபட்டால் மாறுகிறது. முகம் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தேன், மினுமினுப்பு வந்தது, மீட்டரும் பூஜ்யம் காட்டியது. இடைவெளியை 0.35 மி.மீ. வைத்து எல்லாம் மாட்டி இழுத்தால்... இன்னும் பொறி இல்லை! கண்டென்சரா?

பதில் 2:
காயில்தான் என்று அப்போதே சொன்னேனே.

பதில் 3:
இருங்கள். இடைவெளியை எதை வைத்து அளந்தீர்கள்?

கேட்டவர்:
ஃபீலர் கேஜ், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு. புதுசு, உறையிலிருந்து எடுத்தது.

பதில் 3:
அதுதான் விஷயம். துரு பிடிக்காமல் இருக்க ஃபீலர் தகட்டில் எண்ணெய் பூசித்தான் வரும். நீங்கள் மீட்டர் வைத்தது அளப்பதற்கு முன்னால். அளந்தபோது அந்த எண்ணெயை இரண்டு முகத்திலும் நீங்களே தடவிவிட்டீர்கள். வெள்ளைத்தாள் ஒன்றைப் பட்டையாகக் கிழித்து, துளி தின்னர் நனைத்து, பாயிண்ட்டைத் தாளின் மேல் மூடவிட்டு மெதுவாக உருவுங்கள். அப்புறம் காய்ந்த தாளால் அதேபோல். தாளில் கறை வராத வரைக்கும் செய்யுங்கள். உப்புத்தாள் வேண்டாம், அதன் தூள் முகத்திலேயே ஒட்டிக்கொள்ளும்.

கேட்டவர்:
முதல் தாளில் நடுவாகக் கறுப்புக் கோடு, பென்சிலால் இழுத்த மாதிரி. மூன்றாவது தாள் சுத்தமாக வந்தது. ஃப்ளைவீல் மாட்டி இழுத்தேன், பிளக்கில் நீலப் பொறி, ‘டிக் டிக்’ என்று சத்தத்தோடு! நாலாவது இழுப்பில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. கண்டென்சரைத் தொடவே இல்லை.

பதில் 1:
சூப்பர். ஓட்டிய பிறகு பாயிண்ட்டில் பளிச்சென்று பெரிதாகப் பொறி அடிக்கிறதா, முகம் சீக்கிரம் கருகுகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் கண்டென்சரை மாற்றுங்கள். இல்லாவிட்டால் அதைச் சும்மா விடுங்கள்.

பதில் 3:
கிராங்க் தண்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் ஆயில் சீலையும் பாருங்கள் அண்ணே. அது கசிந்தால் பாயிண்ட்டில் மறுபடி எண்ணெய் ஏறும், தாளோடு திரும்பவும் உட்கார வேண்டியதுதான்.

கேட்டவர்:
ஃப்ளைவீலை மறுபடி எடுத்து, சீலைச் சுற்றி விரலால் துடைத்துப் பார்த்தேன். ஈரம் இருக்கிறது. நாளைக்கு சீல் மாற்றுகிறேன், தாள் பட்டை நான்கைந்து எடுத்து வைத்துவிட்டேன்.

பதில் 2:
சரி சரி, காயில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.