கிரெயினுக்கு ஒரு தமிழ்ச்சொல்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

மு. எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். திரைக்கல்வி மாணவர்களுக்கான 16 பக்கக் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. பழைய படத்தை ப்ளூ-ரே வெளியீட்டுக்கு மீட்டெடுப்பதுதான் பொருள். எடுத்துக்காட்டு, டாரியோ ஆர்ஜெண்டோவின் ‘சஸ்பீரியா’ (1977). அசல் நெகட்டிவை ஜெர்மனியில் 4கே-யில் மீட்டு, ஒளிப்பதிவாளர் லூசியானோ டொவோலியின் மேற்பார்வையில் நிறம் சரிபார்த்து 2017இல் வெளியிட்டார்களே, அந்த வேலை.

மற்ற சொற்கள் ஒருவாறு அமைந்துவிட்டன. கிரெயின் மட்டும் இடிக்கிறது, ஃபிலிம் படத்தில் பொடிப்பொடியாகத் தெரியுமே, அதுதான். வரைவில் ‘துகள்’ என்று போட்டிருந்தேன். 9ஆம் பக்கத்தில் “துகள்களை முழுதும் நீக்குக”, 11ஆம் பக்கத்தில் “துகள்களை நீக்கலாகாது” என்று வந்து நிற்கிறது. முன்னது தூசி, பின்னது கிரெயின். படிக்கிற பிள்ளை எதைச் செய்யும்? ‘வெட் கேட்’டுக்கு, அதாவது சுருளை நீர்மத்தில் நனைத்தபடி ஸ்கேன் செய்வதற்கு, ‘ஈரவாயில்’ என்று போட்டிருக்கிறேன், அதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

சா. எழுதியது:

துகள் வேண்டவே வேண்டாம். தூசி வெளியிலிருந்து வந்து ஒட்டியது. நெகட்டிவில் ஒட்டினால் ஒளியை மறைக்கும், பாசிட்டிவில் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். கிரெயின் வந்து ஒட்டியதல்ல, பிம்பமே அதனால் ஆனது. வண்ணச் சுருளில் வெள்ளி ஹாலைடு படிகங்களைச் சுற்றிச் சாயம் உருவாகும். பிறகு வெளுப்புக் கரைசலிலும் ஃபிக்சரிலும் வெள்ளி முழுக்க வெளியேறிவிடும். மிஞ்சுவது சாயத் திட்டுகள். அதை எடுத்தால் முகத்தில் தோலும் போகும், மெழுகுப் பொம்மைதான் மிஞ்சும்.

பிரித்தறிய எளிய வழி உண்டு. ஸ்கேனரில் அகச்சிவப்பு விளக்கு இருக்கும். சாயத்தை அந்த ஒளி ஊடுருவிப் போய்விடும், தூசியை ஊடுருவாது. ஆகவே அகச்சிவப்பில் கறுப்பாகத் தெரிவது தூசி அல்லது கீறல், தெரியாதது கிரெயின். கறுப்பு வெள்ளைச் சுருளில் இந்த வித்தை பலிக்காது, அங்கே பிம்பமே வெள்ளி. முந்தைய அச்சிலேயே பதிந்துவிட்ட தூசிக்கும் பலிக்காது.

இன்னொன்று: ‘இரைச்சல்’ என்று யாராவது எழுத வருமுன் சொல்லிவிடுகிறேன். இரைச்சல் என்றாலே நீக்கத்தக்கது என்று பொருளாகிவிடும். பேரிலேயே தீர்ப்பு எழுதாதீர்கள்.

இ. எழுதியது:

இதற்குச் சொல் தேடி அலைய வேண்டுமா? சிலம்புக்குள் இருந்தது என்ன? பாண்டியன் முத்து என்றான், கண்ணகி மணி என்றாள். எதுவானாலும் உள்ளே கிடந்ததன் பொதுப்பெயர் அரி, பரல். வெளியே தெரியாமல் உள்ளிருந்து ஒலியைத் தருவது பரல். உள்ளிருந்து உருவத்தைத் தருவது கிரெயின். பொருத்தம் போதாதா?

என் தெரிவு ‘அரி’. அரிசியும் அரியிலிருந்தே வந்தது என்பது என் துணிபு. அரிக்கஞ்சட்டியில் அரிசியைப் போட்டு நீரோடு அலசினால் கல் பின்தங்கும், அரிசி மேலே வரும். தூசி எடுப்பது கல்லரிப்பு. கிரெயினையும் சேர்த்து எடுப்பவர் கல்லோடு அரிசியையும் கொட்டுகிறவர். ஒரே வேரில் செயலும் பொருளும் அடங்கிவிட்டன பாருங்கள். வெட்டுதலைக் குறிக்கும் அரிதலும் இங்கேயே சேரும், சிறிதாக்கப்பட்டது அரி. சிறுமைப் பொருளில்…

வெ. எழுதியது:

இ. ஐயா, “படத்தில் அரி அதிகம்” என்றால் சொறிமருந்து தேடுவார்கள். லேபில், எடிட்டிங் அறையில், கலரிஸ்ட் வாயில் எல்லாம் கிரெயின்தான். அப்படியே எழுதிவிட்டுப் போகலாமே.

இ. எழுதியது:

எப்படி எழுதுவீர்கள்? க்ரெய்ன் என்றா? மெய்ம்மயக்கம் மொழி முதலில் வாராது. கிரெய்ன் என்றால் கடைசியில் ய்ன் நிற்கிறது. கிரெயின் என்று எழுதினால் அது ஏற்கெனவே பாரந்தூக்கி. துறைமுகத்தில் நிற்கும்.

க. எழுதியது:

அண்ணை, எங்கட பக்கம் ‘குறுணல்’ எண்டு ஒரு சொல் கிடக்கு. அரிசிக் குறுணல், கல்லுக் குறுணல். மாவும் இல்லை, முழு மணியும் இல்லை. உவமை தேடாமல் நேரே விளங்கும்.

வெ. எழுதியது:

இங்கே அது குருணை. உரக்கடையில் கேட்டால் கார்போபியூரான் பூச்சிமருந்தை எடுத்துக் கொடுப்பார்கள்.

சா. எழுதியது:

சொல் எதுவானாலும் கூட்டுச்சொல்லில் நிற்க வேண்டும், அதுதான் சோதனை. கிரெயின் நீக்கம், கிரெயின் மறுசேர்ப்பு, பருங்கிரெயின், நுண்கிரெயின் எல்லாம் வேண்டும்.

11ஆம் பக்கத்துக்கு ஒரு பத்தியும் தருகிறேன், அதில் பொருத்திப் பாருங்கள். தானியங்கித் தூசிநீக்கி முன்பின் ஃபிரேம்களை ஒப்பிடும். ஒரே ஃபிரேமில் மட்டும் இருந்து அடுத்ததில் இல்லாதது அழுக்கு என்று கொள்ளும். கிரெயினும் அப்படித்தான், எந்த இரண்டு ஃபிரேமிலும் ஒரே இடத்தில் இராது. அளவைக் கூட்டினால் அதையும் தின்னும். ‘சஸ்பீரியா’வில் தொடக்கத்திலேயே கொட்டும் மழை. பிறகு கண்ணாடிக் கூரை உடைந்து சில்லு பறக்கும், கூரையிலிருந்து புழு உதிரும். மழைத்துளியும் சில்லும் ஒரு ஃபிரேமில் இருக்கும், அடுத்ததில் வேறிடத்தில் இருக்கும். மென்பொருளுக்கு எல்லாமே அழுக்கு. இத்தகைய காட்சிகளில் தானியங்கியை அணைத்துவிட்டு, ஃபிரேம் ஃபிரேமாகக் கையால் எடுக்க வேண்டும்.

மு. கேட்டிருந்த ‘ஈரவாயில்’ நல்ல சொல்தான். ஆனால் அதில் கீறல் பற்றிய பத்தியைத் திருத்துங்கள். பெர்குளோரோஎத்திலீன் என்ற அந்த நீர்மம் நிரப்புவது சுருளின் அடித்தளப் பக்கக் கீறலை. அதன் ஒளிவிலகல் எண் அடித்தளமான அசிடேட்டை ஒட்டி இருப்பதால் கீறல் மறையும். பிம்பம் இருக்கும் எமல்ஷன் பக்கம் ஆழமாகக் கீறியிருந்தால் சாயமே போய்விட்டது, நீர்மம் எதை நிரப்பும்?

வெ. எழுதியது:

கோயில் திருப்பணியில் மணல்வீச்சு அடித்துப் பளபளப்பாக்கினார்களே, அழுக்கோடு உளித்தடமும் கல்வெட்டெழுத்தும் போனது. அதேதான் இது. மு., 11ஆம் பக்கத்தில் இந்த ஒப்புமையைப் போடுங்கள், சொல்லே தேவைப்படாது.

க. எழுதியது:

எனக்கு வேறொரு ஐமிச்சம். எந்தக் குறுணலைக் காப்பாற்றுறியள்? இந்தப் படத்துக்கு ரோம் டெக்னிகலர் லேபில அச்சடிச்ச பிரதி சாயமாற்ற முறை. நெகட்டிவிலிருந்து மூண்டு மேட்ரிக்ஸ், அதாவது அச்சுச் சுருள், எடுத்து, ஒவ்வொண்டும் தன் சாயத்தைக் குடிச்சு, வெற்றுச் சுருளில ஒண்டன்மேல் ஒண்டாப் பதிக்கும். சாயம் ஜெலட்டினுக்குள்ள கொஞ்சம் கசியும், விளிம்பு மெத்தெண்டு வரும். அந்தப் பிரதியில நெகட்டிவின்ர குறுணல் இவ்வளவு கூராத் தெரிஞ்சிருக்காது.

இ. எழுதியது:

அந்த வெற்றுச் சுருளில் சாயம் கசியாமல் பிடிக்க ஒரு மருந்து பூசியிருப்பார்களாமே. நம் சாயக்காரர்கள் துணியைக் கடுக்காயில் தோய்ப்பது இதற்குத்தான்! மாற்றம் என்னாதீர்கள், ‘தோய்ச்சாயம்’ என்னுங்கள். தோய்தல், துவைத்தல், துவர்…

மு. எழுதியது:

ஐயா, தோய்ச்சாயத்தை அடுத்த பதிப்புக்கு வைத்துக்கொள்வோம்.

சா. எழுதியது:

க. சொல்வது நியாயம். ஆனால் சாயப்பிரதியை நிறத்துக்கு வழிகாட்டியாக வைக்கலாம். வழக்கமான ஈஸ்ட்மன் வண்ணப் பிரதி வெளிறிச் சிவந்துவிடும், இது நிறம் மாறாது. கிரெயினுக்கு அதை அளவுகோலாக்கி மழிக்கத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது?

ப்ளூ-ரே வட்டில் இடம்தான் பிரச்சினை என்றால் அதுவும் இல்லை. கிரெயின் பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு ஒதுக்கும் தரவளவை, தின்னும் என்பது உண்மை. நொடிக்கு 30 மெகாபிட் கொடுத்தாலும் 100 நிமிடப் படம் 22.5 ஜிபிதான். 50 ஜிபி வட்டில் பாதிக்குமேல் காலி. கஞ்சத்தனம் பண்ணினால்தான் சிவப்புச் சுவர்களில் கட்டம் கட்டமாக உடையும்.

மு. எழுதியது:

இன்று புதன். கணக்கெடுத்தேன். பரல் 5, கிரெயின் 3, குறுணல் 1. அரிக்கு இ. ஐயாவைத் தவிர ஆளில்லை, அவரும் பரலுக்கு இறங்கி வந்துவிட்டார், அந்த ஐந்தில் ஒன்று அவருடையது. பரல், பரல்நீக்கம், பருபரல், நுண்பரல் என்று போகிறேன்.

இ. எழுதியது:

பரல்நீக்கம் என்று எழுதலாகாது. லகரத்தின்முன் நகரம் வந்தால் புணர்ச்சியில் ‘பரனீக்கம்’. தன்மை சேர்ந்தால் ‘பரற்றன்மை’.

வெ. எழுதியது:

பரனையே நீக்கிவிட்டீர்களே ஐயா! திருப்பணி முற்றிற்று.

மு. எழுதியது:

‘பரல் நீக்கம்’ என்று இடம் விட்டு எழுதுகிறேன். இலக்கணப் பழி என்மேல் இருக்கட்டும்.

க. எழுதியது:

குறுணலை நான் விடேல்லை. பதிவில இருக்கட்டும்.

சா. எழுதியது:

பரலுக்கு நானும் கைதூக்கினேன், வாயில் வரப்போவது கிரெயின்தான். ஒரே வேண்டுகோள்: மென்பொருளில் பொத்தானின் பெயர் ‘டீகிரெயின்’. அந்தப் பெயரை 11ஆம் பக்கத்தில் ஒருமுறையாவது அப்படியே போடுங்கள், இல்லாவிட்டால் எதை அழுத்தக்கூடாது என்றே தெரியாது. 9ஆம் பக்கத்தில் இரண்டாம் பத்தியில் இன்னும் ஒரு ‘துகள்’ மிச்சம் இருக்கிறது.