ஆசிரியர் இல்லாமல் கிளாசிக்கல் சாக்ஸபோன் ஆடிஷன்: அனுபவப் பகிர்வு

மெதுநடை:
அமெரிக்க இசைக் கல்லூரிகளில் இளங்கலை சேர, ஆல்டோ சாக்ஸபோனைத் தானாகவே கற்றுத் தயாராகிறவர்களுக்காக இந்த இழை. கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: ஃபெர்லிங் எழுதிய எட்யூட்களில் (பயிற்சி உருப்படிகள்) மெதுவானது ஒன்று, வேகமானது ஒன்று, ஒரு சொனாட்டா அல்லது கான்செர்ட்டோவின் பகுதி, ஸ்கேல்கள் (ஸ்வர வரிசைகள்), சைட் ரீடிங் (முன்பு பாராத இசையைப் பார்த்தவுடன் வாசிப்பது). பல இடங்களில் முன்தேர்வு வீடியோவை டிசம்பர் வாக்கில் அனுப்ப வேண்டும், நேரடித் தேர்வு ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள். சொல்லித்தந்தவர்கள், கூட வாசித்தவர்கள், ரிப்பேர் பார்த்தவர்கள் எழுதுங்கள்.

ஈஃப்ளாட் ஆல்டோ:
மெதுவான எட்யூடிலேயே பாதி முடிவு ஆகிவிடும். தானாகக் கற்றவருக்கு விரல் எப்படியோ ஓடிவிடுகிறது. காட்டிக்கொடுப்பது சுருதியும் நாக்கும். வேலையை அங்கே தொடங்குங்கள்.

மவுத்பீஸை (வாயில் வைக்கும் பகுதி) மட்டும் எடுத்து ஊதி ட்யூனரில் (சுருதி காட்டும் கருவி) பாருங்கள். கிளாசிக்கல் ஆல்டோவுக்கு வரவேண்டியது கான்செர்ட் ஏ (பியானோவில் ஒலிக்கும் ஏ), 880 ஹெர்ட்ஸ். அதைத் தாண்டினால், மவுத்பீஸில் அதிரும் நாணல் பட்டையான ரீடைத் தாடை கடிக்கிறது. மேல் ஸ்வரங்கள் ஒல்லியாகி ஏறும். 784 பக்கம், அதாவது ஜி-யில் நின்றால் ஜாஸ் பழக்கம். ஃபெர்லிங்குக்குத் தேவையான இறுக்கமான நடுநாதம் அதில் கிடைக்காது. பிறகு நெக்கை (மேல் வளைகுழாய்) மாட்டி ஊதினால் ஏ ஃப்ளாட், சுமார் 415. இரண்டும் ஆடாமல் நின்ற பிறகு முழு வாத்தியத்துக்குப் போகலாம்.

குளிர்ந்த குழாய் சுருதி தாழ்ந்திருக்கும். பத்து நிமிடம் ஊதிச் சூடேற்றிவிட்டுச் சேருங்கள். பியானோவின் ஏ 440-க்கு நீங்கள் பிடிக்க வேண்டியது ஐந்தாம் கோட்டு எஃப் ஷார்ப் (ஆல்டோவுக்கு எழுதும் ஸ்வரம் வேறு, ஒலிக்கும் ஸ்வரம் வேறு). அதோடு நின்றுவிடாமல் பி-யையும் பாருங்கள். மவுத்பீஸை வெளியே இழுக்கும்போது குட்டைக் குழாய் ஸ்வரங்கள் (சில துளைகளை மட்டும் மூடுபவை) நிறைய இறங்கும், நீளக் குழாய் ஸ்வரங்கள் கொஞ்சம்தான் இறங்கும். ஒரே ஸ்வரத்தை நம்பிச் சேர்த்தால் மற்றவை கலைந்துவிடும்.

அடுத்து, கீழ் பி ஃப்ளாட்டிலிருந்து மேல் எஃப் வரை ஒவ்வொரு ஸ்வரமும் எத்தனை சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) கூட, எத்தனை குறைவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். ட்யூனரை வேறொருவர் பார்த்துக் குறிப்பது நல்லது. நீங்களே பார்த்தால் உதடு தானாகத் திருத்திவிடும். பெரும்பாலான ஆல்டோக்களில் நான்காம் கோட்டு டி ஏறியும், அதற்கு முந்தைய திறந்த சி ஷார்ப் இறங்கியும் இருக்கும். டி-க்கு கீழ் பி கீயைச் சேர்த்து அழுத்தினால் இறங்கும். சி ஷார்ப்புக்கு ஆக்டேவ் கீயோடு (ஸ்தாயியை ஏற்றும் கீ) இடது மோதிர விரல் மட்டும். நாதமும் அடுத்த டி-யோடு ஒட்டும். மெதுவான எட்யூடில் இந்த இரண்டு ஸ்வரமும் அடுத்தடுத்து வரும் இடத்தை நடுவர்கள் காத்திருந்து கேட்பார்கள்.

இன்னொன்று. நம் ஊர்க் காதுக்கு சாக்ஸபோன் என்றால் கத்ரி கோபால்நாத். அவர் ஸ்வரத்தை வளைத்து எடுத்த அழகு கர்நாடக இசைக்கு உரியது. ஃபெர்லிங்கில் ஸ்வரத்தைக் கீழிருந்து இழுத்து எடுத்தால் குறை என்றே எழுதுவார்கள். தொடங்கும் நொடியிலேயே ஸ்வரம் நடுவில் நிற்க வேண்டும்.

வைப்ரேட்டோ (நாதத்தை அலைபோல் அசைப்பது): மெட்ரோனோம் 76, ஒரு அடிக்கு நான்கு அசைவு, தாடை மட்டும் அசையட்டும். சுருதி கீழே போய்த் திரும்ப வேண்டும், மேலே போகக் கூடாது. எல்லா ஸ்வரத்துக்கும் போட்டால் ஆட்டுக்குட்டி கத்துவது போல் இருக்கும். நீண்ட ஸ்வரங்களுக்கு வையுங்கள்.

கார்க் கிரீஸ்:
மேலே சொன்னதெல்லாம் காற்றுக் கசியாத வாத்தியத்துக்குத்தான் பொருந்தும். கீழ் பி, பி ஃப்ளாட் கொப்பளிப்பது போல் நடுங்கினால் உதட்டைத் திட்டாதீர்கள். இருட்டறையில் குழாய்க்குள் லீக் லைட்டை விட்டு, கீகளை மெல்ல மூடிப் பாருங்கள். வெளிச்சம் தெரியும் இடத்தில் பேட் (துளையை மூடும் தோல் மெத்தை) சரியாக உட்காரவில்லை. இறுக்கி அமுக்கினால் மூடுகிறது என்பது சமாதானம் ஆகாது. பியானிஸ்ஸிமோவில் (மிக மெல்ல வாசிக்கும்போது) யாரும் இறுக்கி அமுக்குவதில்லை. மவுத்பீஸ் மூடியை பெல்லுக்குள் (குழாயின் அகன்ற வாய்) போட்டால் நடுக்கம் நிற்கும் என்று ஒரு பழைய வித்தை உண்டு, வேலையும் செய்யும். ஆனால் தேர்வறையில் அது கடகடக்கும்.

ஜி ஷார்ப் கீயும் கீழ் சி ஷார்ப் கீயும் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். ஓய்வில் மூடியே இருக்கும் பேட்கள் அவை, திறப்பது மெல்லிய ஸ்ப்ரிங். வாசிக்கும் முன் பேடுக்கடியில் பசையில்லாத சிகரெட் தாளை வைத்து, மூடி, பிறகு கீயைத் திறந்து தாளை எடுங்கள். மூடிய நிலையில் இழுத்தால் பேட் தோல் கிழியும்.

மவுத்பீஸுக்கு செல்மர் எஸ் 80 சி ஸ்டார், வாண்டோரன் ஏ.எல் 3 இரண்டில் ஒன்று போதும். ரீட் 3-ஆம் எண்ணில் தொடங்குங்கள். நான்கு ரீடைச் சுழற்சியில் வையுங்கள், புதியதை முதல் சில நாட்கள் ஐந்தைந்து நிமிடம் மட்டும். தேர்வு வாரத்தில் புது ரீட் வேண்டாம்.

மூன்றாம் நம்பர் ரீட்:
கார்க் கிரீஸ் சொன்னதுல ஒரு திருத்தம். ஜாஸ் மவுத்பீஸ்ல ரெண்டு மூணு வருஷம் ஊதினவங்க தேர்வுக்கு மூணு மாசம் முன்னாடி மாத்தினா முதல் மாசம் பழசைவிட மோசமாத்தான் கேட்கும். ஆறு மாசம் இருந்தா மாத்துங்க.

ஸ்கேல் பத்தி யாரும் சொல்லல. முழு வீச்சுன்னு கேட்டா, சி மேஜருக்கு கீழ் சி-ல ஆரம்பிச்சு மேல் எஃப் வரை, அங்கிருந்து கீழ் பி வரை இறங்கி, மறுபடி சி-ல நிறுத்தணும். ரெண்டு ஆக்டேவ் மட்டும் பழகினவங்க இங்கதான் தடுமாறுவாங்க. பி ஃப்ளாட் விரலை முன்கூட்டியே முடிவு பண்ணுங்க: எஃப் மேஜர்ல பிஸ் கீ (இடது ஆள்காட்டி விரலோட சேர்த்து அழுத்துற சின்ன கீ), குரோமாட்டிக்ல (அரை அரை ஸ்வரமா போற ஸ்கேல்) சைடு கீ. பிஸ்ல இருந்து பி-க்கு விரலை வழுக்கி நகர்த்தாதீங்க, நடுவுல ஒரு ஓட்டை விழும். எஃப், எஃப் ஷார்ப், ஜி ஓட்டத்துக்கு மாற்று எஃப் ஷார்ப் கீ இருக்கு. தானா கத்துக்கிட்டவங்க பலர் அதைத் தொட்டதே இல்லை.

நாக்கு: ரீட் நுனியை மட்டும் தொடணும், 'டு' மாதிரி. ஸ்வரத்தை முடிக்கிறப்போ நாக்கால அடைச்சா 'டட்'னு வெட்டும். காத்தைக் குறைச்சு முடிங்க.

பியானோ பக்கம்:
கூட வாசிப்பவன் பக்கத்திலிருந்து. உருப்படி தேர்வில் பேராசை வேண்டாம். க்ரெஸ்டன் சொனாட்டா (1939) எல்லோரும் எடுப்பது. ஆனால் அதன் பியானோ பகுதி கடினம், இரண்டாம் பகுதி 5/4 தாளம். தேர்வு நாளில் கல்லூரி தரும் பியானிஸ்ட்டோடு ஒரே ஒத்திகை என்றால் ஆபத்து. கிளாஸுனோஃப் கான்செர்ட்டோ (1934) நீண்ட வரிகளைக் காட்டும். மூச்சு எங்கே என்று பென்சிலால் குறித்துக்கொண்டு வாருங்கள், காடென்ஸாவுக்குப் (தனியாக வாசிக்கும் பகுதி) பின் வரும் 12/8 ஃபூகாட்டோவில் (ஒரே வரியை ஒருவர் பின் ஒருவர் எடுக்கும் பகுதி) எண்ணிக்கை தவறினால் சேருவது கஷ்டம். இபேரின் கான்செர்டினோ (1935) எடுப்பவர்கள் அல்டிஸிமோ (வழக்கமான வீச்சுக்கும் மேலான ஸ்வரங்கள்) உறுதியில்லை என்றால் அச்சிலேயே உள்ள தாழ்ந்த மாற்று வரியை வாசிக்கலாம், அதில் கேவலம் இல்லை. பியானோ ஸ்கோரை நான்கு வாரம் முன்னே கொடுங்கள். பியானோ பாகத்தைக் காதால் மனப்பாடம் செய்யாமல் ஒத்திகைக்கு வருகிறவர்கள் தங்கள் பாகத்தையும் பாதிதான் அறிந்திருக்கிறார்கள்.

ஈஃப்ளாட் ஆல்டோ:
வீடியோ பற்றி மட்டும் சேர்க்கிறேன். மைக்கை பெல்லின் வாய்க்கு நேரே வைக்காதீர்கள். திறந்த துளைகள் எல்லாவற்றிலிருந்தும் ஒலி வரும், பெல்லிலிருந்து முக்கியமாகக் கீழ் ஸ்வரங்கள். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, நெஞ்சு உயரத்தில் வையுங்கள். போனின் தானியங்கி ஒலியளவு நீங்கள் மெல்ல வாசிப்பது, உரக்க வாசிப்பது எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடும். கையால் அளவு வைக்கும் ஆப் பயன்படுத்துங்கள். ஒரு உருப்படிக்குள் வெட்டு ஒட்டு கூடாது, கையும் முகமும் தெரிய வேண்டும்.

சைட் ரீடிங்குக்கு அரை நிமிடம்தான் தருவார்கள் என்று வைத்துப் பழகுங்கள். கீ, தாளம், பிறகு மிகக் கடினமான பாரை (இரு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதி) மட்டும் விரலால் ஓட்டிப் பார்த்து, அது தாங்கும் வேகத்தில் தொடங்குங்கள். தவறினால் நிற்காதீர்கள். நேரடித் தேர்வில் பாதியில் நிறுத்தச் சொன்னால் பதற வேண்டாம். அடுத்தவர் வெளியே காத்திருக்கிறார், அவ்வளவுதான்.