ஸ்னோபோர்டில் விழுந்த மகள்: எக்ஸ்றே சுத்தம் என்கிறார்கள், கை இன்னும் நோகிறது

ஆரேக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் சுவிஸில் பேர்ன் பக்கம் இருக்கிறோம். பெப்ரவரி பள்ளி விடுமுறைக்குக் குடும்பமாக கிரிண்டல்வால்ட் போயிருந்தோம். மகளுக்கு 13 வயது, மகனுக்கு 9. மகன் ஸ்கி. மகளுக்கு இரண்டு காலையும் ஒரே பலகையில் பூட்டிச் சறுக்கும் ஸ்னோபோர்ட்தான் வேண்டும். மார்ச் நடுவில் அவளுடைய வகுப்புக்கு ஸ்கிலாகர், அதாவது பள்ளிப் பனிச்சறுக்கு முகாம் இருக்கிறது, அதில் ஸ்னோபோர்ட் குழுவுக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். கூட்டாளிகள் பலர் சின்ன வயதிலிருந்தே பனியில் நிற்பவர்கள். அவர்களுக்கு முன்னால் தடுமாறாமல் இறங்க வேண்டும் என்று பிள்ளைக்கு ஆசை. இந்த விடுமுறையை அதற்காகத்தான் போட்டோம்.

முதலில் ஊருக்குச் சற்று மேலே இருக்கிற போட்மி பழகு சரிவில் விட்டோம். நின்றபடியே மேலே கொண்டுபோகும் கம்பளப் பட்டை, மெதுவான இறக்கம், எதிரே ஐகர் மலைச் சுவர். பின் விளிம்பில் சறுக்கி இறங்க விரைவாகவே பிடிபட்டது. முன் விளிம்புக்கு மாறுவதுதான் பாடாய்ப் படுத்தியது. பிறகு ஒருநாள் இரண்டு பக்கமும் திருப்பி, கீழே நின்ற என்னிடம் நேராக வந்து நின்றாள். அந்த முகத்தை நான் பார்த்தேன். கீழே நான் கேட்கும் கேள்விகள் எல்லாம் அதனால்தான்.

அதன் பிறகு ஃபிர்ஸ்ட் மலைப் பக்கம் ஒரு நீலப் பாதைக்கு, அதாவது சுலபமான சரிவுக்குப் போனோம். பின்னேரம் முகில் இறங்கி வெளிச்சம் மங்கிவிட்டது. பனியில் மேடும் பள்ளமும் ஒரே வெள்ளையாகத் தெரிந்தன. போர்டின் முன் விளிம்பு எதிலோ கொழுவ, வலது கையை நீட்டிக்கொண்டு முன்னுக்கு விழுந்தாள். தலைக்கவசம் இருந்ததால் தலைக்கு ஒன்றும் இல்லை. பாதை மீட்பாளர்கள் வந்து கைக்கு மட்டை வைத்துக் கட்டி, மீட்புச் சறுக்குவண்டியில் கொண்டோலா என்ற கம்பிவழிப் பெட்டியின் நிலையம் வரை கொண்டுவந்து விட்டார்கள். மிகவும் அன்பான ஆட்கள். வைத்தியரிடம் எக்ஸ்றே எடுத்தோம். முறிவு தெரியவில்லை என்று சொல்லி, ஒட்டுப்பட்டி போட்ட மணிக்கட்டுப் பட்டையும் நோவுக் குளிசையும் தந்தார்கள்.

இப்போது ஒரு கிழமைக்கு மேலாகிவிட்டது. வீக்கம் வற்றிவிட்டது. ஆனால் போத்தல் மூடி திருகினால் நோகிறது, கட்டைவிரலின் அடிப்பக்கத்தை அமத்தினால் துள்ளுகிறாள். குடும்ப வைத்தியரிடம் அடுத்த கிழமைதான் நேரம் கிடைத்திருக்கிறது.

அம்மா, அதாவது பிள்ளைகளின் அப்பம்மா, இனி இந்தப் பலகையே வேண்டாம் என்கிறார். மனைவியும் பாதி அந்தப் பக்கம். மகளோ லாகருக்குப் போயே தீருவேன் என்கிறாள். எக்ஸ்றேயில் ஒன்றும் இல்லை என்றால் அதை நம்பி இருக்கலாமா? லாகரில் போர்ட் ஏற விடலாமா? சறுக்குவண்டிக்கு ஒரு பில்லும் வந்திருக்கிறது, பிள்ளைகளுக்கு அதை யார் கட்டுவது? விழும்போது மணிக்கட்டைப் பாதுகாக்கப் போடுகிற காப்பு உண்மையில் உதவுமா? போர்ட் வாடகைக்கு எடுத்த இடத்தில் தலைக்கவசம் தந்தார்கள், காப்பைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

கதிர்ப்படக்காரி எழுதியது:

தம்பி, நான் வைத்தியர் இல்லை. ஆனால் பல வருடமாக வைத்தியசாலையில் எக்ஸ்றே, எம்ஆர்ஐ எடுப்பதுதான் என் வேலை. நீங்கள் எழுதியதில் ஒரு வரி என்னை நிமிர வைத்தது: கட்டைவிரலின் அடிப்பக்கம் அமத்தினால் துள்ளுகிறாள் என்றது. அடுத்த கிழமை வரை இருக்க வேண்டாம். நாளைக்கே குடும்ப வைத்தியரின் கிளினிக்குக்கு அழைத்து, இந்த வரியை அப்படியே சொல்லி நேரத்தை முன்னுக்கு எடுங்கள்.

மகளைக் கட்டைவிரலை நன்றாக விரிக்கச் சொல்லுங்கள். மணிக்கட்டின் அந்தப் பக்கத்தில் இரண்டு நரம்பு போலக் கயிறு எழும்பி, நடுவில் ஒரு சின்னக் குழி தெரியும். அந்தக் குழிக்குள் ஸ்கஃபாய்ட் என்ற சின்ன எலும்பு இருக்கிறது. இங்கே அறிக்கையில் ஜெர்மனில் கான்பைன் என்று எழுதுவார்கள். கையை நீட்டி விழும்போது அடிவாங்கும் எலும்புகளில் இது முக்கியமானது. இதில் மெல்லிய வெடிப்பு இருந்தால் விழுந்த அன்று எடுத்த எக்ஸ்றேயில் தெரியாமலே போகலாம். அன்று பார்த்த வைத்தியர் கவனக்குறைவாக இருந்தார் என்று அர்த்தமில்லை. 10 முதல் 14 நாள் போனபின் வெடிப்பின் ஓரத்தில் எலும்பு கொஞ்சம் கரைந்து கோடு தெளிவாகும், அப்போதுதான் இரண்டாவது படம் பேசும். எம்ஆர்ஐ என்றால் காத்திருக்கத் தேவையில்லை, உடனேயே காட்டிவிடும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இந்த எலும்புக்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையால்தான் உள்ளே வருகிறது. முழங்கைப் பக்கத்துப் பாதிக்கு அந்த வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும். நடுவில் வெடித்துக் கவனிக்காமல் விட்டால் அந்தப் பாதி பொருந்தாமல் போகலாம், வருடங்கள் கழித்து மணிக்கட்டே தேய்ந்துவிடும். நேரத்துக்குக் கட்டுப்போட்டால் பெரும்பாலும் நன்றாகப் பொருந்திவிடும். பிள்ளைகளில் விரல் பக்கத்து முனையில் வெடிப்பதும் உண்டு, அது சுகமாகப் பொருந்துகிற இடம்.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். 13 வயதில் முன்கை எலும்பின் முனையில் வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு நீளுகிற இடம், பெரும்பாலும் இன்னும் திறந்திருக்கும். அதில் சின்ன அடி பட்டாலும் எக்ஸ்றே சுத்தமாகவே இருக்கலாம். வைத்தியர் அந்த இடத்தையும் அமத்திப் பார்ப்பார்.

அதுவரை பட்டையை இரவிலும் கழற்ற வேண்டாம். விரல் விறைத்தாலோ, வெளிறினாலோ, நோ திடீரென்று கூடினாலோ நேரத்தைப் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

லாகர் பற்றி இப்போது முடிவெடுக்காதீர்கள். படம் வரட்டும். அப்பம்மாவின் பயம் எனக்கு நன்றாக விளங்குகிறது. ஆனால் பயப்பட வேண்டியது பலகைக்கு அல்ல, பார்க்காமல் விட்ட கைக்கு.

கூர்_பெடியன் எழுதியது:

ஹலோ அண்ணா. நான் சுவிஸின் கிரவுபுண்டன் மாநிலத்தில் பிறந்து வளர்ந்தவன், குளிர்கால வார இறுதிகளில் பிள்ளைகளுக்கு ஸ்னோபோர்ட் பழக்குகிறேன். என் தமிழ் எழுத்தில் பிழை இருந்தால் மன்னியுங்கள்.

கை விஷயத்தில் அக்கா சொன்னதுதான். காப்பைப் பற்றி நான் சொல்கிறேன்: உதவும், நிறையவே உதவும். நார்வேயில் 5029 ஸ்னோபோர்டர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குக் காப்புக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2001-இல் வெளிவந்தது. காப்புப் போட்டவர்களில் 8 பேருக்கு மணிக்கட்டில் காயம், போடாதவர்களில் 29 பேருக்கு. பேர்னில் உங்கள் பக்கத்திலேயே இருக்கிற விபத்துத் தடுப்பு ஆலோசனை நிலையம், பிஎஃப்யூ, ஸ்னோபோர்டர்களுக்குத் தலைக்கவசத்தோடு மணிக்கட்டுக் காப்பையும் போடச் சொல்கிறது. அப்படியிருந்தும் வாடகைக் கடைகளில் கேட்டால்தான் எடுத்துத் தருகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற விஷயம். முதல் முறை போர்டில் நிற்கிற பிள்ளைதான் கூட விழுகிறது. அந்தப் பிள்ளையின் கைதான் வெறுங்கையாக இருக்கிறது.

வாங்கும்போது ஐஎஸ்ஓ 20320 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்னோபோர்ட் காப்புக்கென்றே வந்த தரம் அது. ரோலர் ஸ்கேட்டுக்கு விற்பதை வாங்க வேண்டாம், அதன் பிளாஸ்டிக் கையுறைக்குள் போகாது. உள்ளங்கையிலிருந்து முன்கை வரை கொஞ்சம் நீளமாகப் பிடிக்கும் காப்பு நல்லது. அதைப் போட்டபின் மேலே வருகிற கையுறை ஒரு அளவு பெரிதாக வேண்டும், இல்லையென்றால் விரல் குளிரில் செத்துவிடும், பிள்ளை காப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடும். நான் எத்தனையோ பைக்குள் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது விழுகிற விதம். என் வகுப்பில் பூட்ஸை பைண்டிங்கில் பூட்டுவதற்கு முன்பே, சும்மா பனியில் நின்று விழப் பழக்குவேன். முன்னுக்குப் போனால் கையைப் பொத்திக்கொண்டு முதலில் முழங்கால், பிறகு இரண்டு முன்கையும் சேர்த்துப் படுத்துச் சறுக்க வேண்டும். பின்னுக்குப் போனால் குந்தி இருந்து உருள வேண்டும், நாடி நெஞ்சோடு, கைகள் மார்போடு. கை பின்னுக்கு ஊன்றப் போகவே கூடாது. சொல்லிக் கொடுத்தால் போதாது, உடம்பு பழகுமட்டும் திரும்பத் திரும்ப விழ வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டு. பெரியவர்கள்தான் வெட்கப்படுவார்கள்.

மகள் விழுந்தது மங்கல் வெளிச்சத்தில், பின்னேரத்தில் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் கால் களைத்திருக்கும், முழங்கால் மடியாது, போர்ட் தட்டையாக ஓடும். தட்டையாக ஓடும் போர்டில்தான் விளிம்பு கொழுவும். மங்கலாகிவிட்டால் மேலே இருந்து கொண்டோலாவில் இறங்குங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை. மார்ச்சில் இன்னொரு பிரச்சினையும் உண்டு: காலையில் ஐஸ் போல இறுகியிருக்கும் பனி மத்தியானம் கூழாகிவிடும். கூழ் பனியில் போர்ட் சட்டென்று நின்றுவிடும், ஆள் தொடர்ந்து போவார்.

அவள் இரண்டு பக்கமும் திருப்பத் தொடங்கிவிட்டாள் என்பது பெரிய விஷயம் அண்ணா. கஷ்டமான பகுதி முடிந்துவிட்டது. கை ஆறும்வரை அது மறந்துபோகாது என்று அவளிடம் சொல்லுங்கள்.

லிமாத்_லதா எழுதியது:

பில் கேள்விக்கு வருகிறேன், நான் காப்புறுதித் துறையில் இருக்கிறேன். நீங்கள் வேலை செய்பவர், ஒரே இடத்தில் கிழமைக்கு 8 மணித்தியாலமாவது வேலை என்றால் ஓய்வு நேர விபத்தும் முதலாளி வழியாக வரும் விபத்துக் காப்புறுதியில் அடங்கும். பிள்ளைகளுக்கு அது இல்லை. அவர்களுடைய விபத்து கிராங்கன்காஸ, அதாவது மருத்துவக் காப்புறுதி நிறுவனத்தின் அடிப்படைக் காப்புறுதியில்தான் வரும். ஆகவே இன்றே அங்கே விபத்து அறிவிப்பைக் கொடுங்கள். எங்கே, எப்படி, என்ன நேரம் என்று கேட்பார்கள், சறுக்குவண்டி பில்லில் இருக்கிற நேரத்தையே எழுதுங்கள்.

வைத்தியச் செலவில் பிள்ளைகளுக்குப் பொதுவாக பிராஞ்சைஸ், அதாவது முதலில் நாமே கட்டவேண்டிய தொகை கிடையாது, 10 சதவீதப் பங்கு மட்டும், அதுவும் வருடத்துக்கு 350 பிராங்குக்கு மேல் போகாது. மீட்பு விஷயம் வேறு. உயிராபத்திலிருந்து மீட்பது என்றால் அடிப்படைக் காப்புறுதி பாதி கட்டும், வருடத்துக்கு 5000 பிராங்க் வரை. மருத்துவத் தேவைக்கான ஏற்றியிறக்கல் என்றால் பாதி, 500 பிராங்க் வரை. உங்கள் பில் பெரும்பாலும் இரண்டாவது வகையில் பார்க்கப்படும். மிச்சத்தை மேலதிகக் காப்புறுதி எடுக்கலாம், பிள்ளையின் பொலிசியில் போக்குவரத்து, மீட்பு என்ற பகுதியைத் தேடிப் பாருங்கள். பில்லை நீங்களே கட்டிவிட்டு அமைதியாக இருந்துவிடாதீர்கள்.

சுவிஸ் வான்வழி மீட்பு அமைப்பான ரெகாவின் ஆதரவாளராக இல்லையென்றால் அதையும் யோசியுங்கள். அது காப்புறுதி இல்லை, ஆனால் காப்புறுதி கட்டாத ஹெலிகொப்டர் செலவை அவர்கள் விட்டுக்கொடுக்க முடியும். அவசர எண் 1414. வாலிஸ் மாநிலத்துக்குப் போனால் 144.

இசார்நதி எழுதியது:

நான் மியூனிக்கில் இருக்கிறேன், சொந்த ஊர் கோயம்புத்தூர். இதைப் படிக்கும் ஜெர்மனி நண்பர்களுக்காக ஒரு சேர்க்கை மட்டும். நாங்கள் எல்லாம் பக்கத்தில் இருக்கிற ஆஸ்திரியாவுக்குத்தான் பனிக்குப் போகிறோம். நம்ம ஜெர்மன் மருத்துவக் காப்பீட்டு அட்டையின் பின்பக்கம் இருக்கும் ஐரோப்பிய மருத்துவ அட்டையைக் காட்டினால் அரசு ஒப்பந்த டாக்டரிடம் பார்த்துக்கொள்ளலாம். சரிவுக்குக் கீழேயே இருக்கும் தனியார் கிளினிக்குகள் பல அதை ஏற்காது. மலை மீட்பும் ஹெலிகாப்டரும் அதில் வராது. வெளிநாட்டு மருத்துவக் காப்பீடு ஒன்று தனியாக வேண்டும். ஜெர்மன் ஆல்ப்ஸ் சங்கத்தில் உறுப்பினரானால் மீட்புச் செலவு 25,000 யூரோ வரை அதிலேயே வருகிறது. ஆஸ்திரியாவில் மலை மீட்புக்கு எண் 140. குழந்தைக்கு சீக்கிரம் குணமாகட்டும் சார்.

ஆரேக்கரை எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா சொன்னபடி அடுத்த நாள் காலையே அழைத்தேன். கட்டைவிரல் அடியில் நோ என்றதும் அன்றே வரச் சொன்னார்கள். வைத்தியர் அந்தக் குழியை அமத்திப் பார்த்துவிட்டு எம்ஆர்ஐக்கு அனுப்பினார். ஸ்கஃபாய்டில், விரல் பக்கத்து முனையில், விலகாத மெல்லிய வெடிப்பு. முழங்கைக்குக் கீழே கட்டுப் போட்டிருக்கிறார்கள், ஆறு கிழமை. பிறகு திரும்பப் படம் எடுத்துப் பார்ப்பார்கள். நன்றாகப் பொருந்தும் என்றுதான் சொன்னார்.

ஆகவே இந்த லாகரில் போர்ட் இல்லை. மகள் ஒரு முழுப் பின்னேரம் அழுதாள், நான் பக்கத்தில் இருந்தேன். பிறகு வகுப்பாசிரியையுடன் கதைத்தோம். போர்ட் இல்லாமலும் வரலாம், பகலில் படம் எடுக்கிற வேலையும் மாலை விளையாட்டுகளை ஒழுங்குபண்ணுகிற பொறுப்பும் தருகிறேன் என்றார். போகிறாள்.

அம்மாவுக்கு இந்தத் திரியைத் திறந்து முழுவதும் வாசித்துக் காட்டினேன். நார்வேக் கணக்கு வந்த இடத்தில் நிறுத்தி, அந்தக் காப்பு என்ன விலை என்று கேட்டார். அடுத்த குளிர்காலத்துக்குத் தானே வாங்கித் தருகிறாராம்.

கூர் தம்பியிடம் ஒன்று: கட்டுக் கழற்றியபின் கை கொஞ்சம் மெலிந்திருக்குமாமே. காப்பை இப்போதே வாங்கலாமா, இல்லை அடுத்த சீசன் அளவு பார்த்து வாங்குவதா?

கூர்_பெடியன் எழுதியது:

இப்போது வேண்டாம் அண்ணா. இந்த வயதில் கை ஒரு கோடைக்குள் வளர்ந்துவிடும். ஒக்டோபரில் கையுறையையும் கொண்டுபோய், இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். இரண்டு கைக்கும் வேண்டும், அடிபட்ட கைக்கு மட்டும் இல்லை. அப்பம்மாவுக்கு என் வணக்கம்.