பிரம்பு இல்லாமல் எட்டாம் வகுப்பை எப்படி நடத்துவது?

கேள்வி: புது டீச்சர்

அரசு நடுநிலைப் பள்ளியில் இந்த வருடம்தான் பட்டதாரி ஆசிரியராகச் சேர்ந்தேன். எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன், 38 பிள்ளைகள். அடிக்கக் கூடாது என்ற முடிவோடுதான் வேலைக்கு வந்தேன், அதில் மாற்றமில்லை. ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் பீரியடில் யாரும் காது கொடுப்பதில்லை. பக்கத்து வகுப்பில் சார் பிரம்போடு நிற்கிறார், அங்கே மூச்சுச் சத்தம்கூட இல்லை. பெற்றோர் கூட்டத்தில் ஓர் அப்பா, "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். லீடரை விட்டுப் பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதச் சொல்லுங்கள் என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?

பதில்: கணக்கு வாத்தியார்

டீச்சர், போர்டில் பெயர் எழுதும் வேலையை மட்டும் தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். லீடருக்கு வேண்டியவன் பெயர் அதில் வராது. வேண்டாதவன் வாயைத் திறக்காவிட்டாலும் பெயர் ஏறும், பக்கத்தில் 'அடங்கவில்லை' என்று வேறு எழுதியிருக்கும். நீங்கள் உள்ளே நுழையும்போது பாதிப் பேர் பொருமிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த மனநிலையில் எந்தக் கணக்கும் மண்டையில் ஏறாது.

மதிய பீரியடில் நான் விளக்கம் சொல்வதே இல்லை. வயிறு நிறைந்த பிள்ளை நாற்பது நிமிடம் என் குரலையே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. உள்ளே போனதும் போர்டில் ஒரு கணக்கை எழுதிவிட்டு ஓரமாக நின்றுகொள்வேன். சதவீதம் நடத்தும்போது எழுதுவது இது: "துணிக்கடையில் 20% தள்ளுபடி. பில் போடும்போது மீதித் தொகையில் இன்னொரு 10%. மொத்தம் 30% குறையுமா?" பாதி வகுப்பு "ஆமா சார்" என்று கத்தும். யாராவது ஒரு பிள்ளை 1,000 ரூபாய்ச் சேலையை எடுத்துக்கொண்டு 800, அப்புறம் 720 என்று போட்டுவிட்டு, "சார், 28 தான் வருது" என்று எழுந்து நிற்கும். அதற்குப் பிறகு நடக்கும் சண்டை முழுக்கக் கணக்குச் சண்டை. வராண்டா வரை சத்தம் கேட்கும், கேட்கட்டும்.

காலை நேரச் சேட்டைக்குக் காரணம் வேறு. காலை உணவுத் திட்டம் 1 முதல் 5 வரைதான். தம்பி தங்கையைச் சாப்பிட உட்கார வைத்துவிட்டு எட்டாம் வகுப்புப் பிள்ளை வெறும் வயிற்றோடு வகுப்புக்கு வருகிறது. இரண்டாவது பீரியடில் ஒருவன் எரிந்து விழுந்தால் நான் முதலில் கேட்பது "சாப்பிட்டியாடா?" என்பதுதான். மேசை டிராயரில் கடலை மிட்டாய் எப்போதும் இருக்கும்.

இன்னொன்று, பிஇடி (விளையாட்டு) பீரியடை எக்காரணம் கொண்டும் பிடுங்காதீர்கள். தண்டனையாகவும் வேண்டாம், போர்ஷன் முடிக்கவும் வேண்டாம்.

பதில்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

தம்பி சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. நாங்கள் அடி வாங்கித்தான் படித்தோம், அடித்தவரை இன்றும் தெருவில் பார்த்தால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுகிறோம். அடியாத மாடு படியாது. இன்று ஆசிரியரின் கையைக் கட்டிப் போட்டுவிட்டார்கள், பிள்ளைகளுக்குப் பயமே விட்டுப்போய்விட்டது. இது எங்கே போய் முடியும் என்பதுதான் என் கவலை.

பதில்: கணக்கு வாத்தியார்

ஐயா, உங்கள் கவலை உண்மையானது. சட்டம் உங்களுக்குத் தெரியாதது இல்லை, புது டீச்சருக்காகச் சொல்கிறேன். தமிழ்நாட்டுக் கல்வி விதிகளில் 51-ஆம் விதியைத் திருத்தி 2003-லேயே பிரம்படிக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன ரீதியான துன்புறுத்தலையும் தடுக்கிறது. 'மக்கு', 'நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு' என்று எல்லார் முன்னாலும் பேசுவதையும் நான் அதில்தான் சேர்ப்பேன்.

சட்டமே இல்லாவிட்டாலும் நான் பிரம்பை எடுக்க மாட்டேன், ஏனென்றால் பிள்ளைகளின் தப்பான விடை எனக்கு வேண்டும். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் ஒரு பையன் மேலே இருப்பதை மேலே, கீழே இருப்பதைக் கீழே கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதுகிறான். அதைப் பார்த்தால்தான் அவனுக்கு எது பிடிபடவில்லை என்று எனக்குத் தெரியும். "ஐந்தில் இரண்டு அரையைவிடப் பெருசா சிறுசா? அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா எப்படிடா குறையும்?" என்று கேட்டால் அவனே நோட்டை இழுத்து மறுபடி போடுவான். பயந்த பிள்ளை என்ன செய்யும்? பக்கத்தில் இருப்பவன் நோட்டைப் பார்த்து ஆறில் ஐந்து என்று எழுதிவிடும். நான் டிக் போட்டுவிடுவேன். அதே குறையோடு அது ஒன்பதாம் வகுப்புக்குப் போய் இயற்கணிதத்தில் முட்டி நிற்கும். பிரம்பு இருக்கும் வகுப்பில் எனக்கு எல்லா நோட்டும் சரியாகத்தான் இருக்கும், ஒரு பிள்ளையைப் பற்றியும் எதுவும் தெரியாது.

பதில்: புது டீச்சர்

ரொம்ப நன்றி சார். துணிக்கடைக் கணக்கை நாளைக்கே போடுகிறேன். ஆனால் ஒரு பையன் இருக்கிறான், மற்ற பிள்ளைகளைக் கை நீட்டுகிறான். நேற்று ஒருவன் காதில் அடித்துவிட்டான். இதை எப்படிச் சமாளிப்பது?

பதில்: கணக்கு வாத்தியார்

முதலில் அடி வாங்கியவனைப் பாருங்கள். காது வலிக்கிறதா, சரியாகக் கேட்கிறதா என்று விசாரியுங்கள், கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள், அவன் வீட்டுக்கும் நீங்களே தகவல் சொல்லிவிடுங்கள். இதற்கு முன்னால் அடித்தவனிடம் பேசப் போகாதீர்கள்.

அடித்தவனை வகுப்பு முடிந்த பிறகு தனியாகக் கூப்பிடுங்கள். நிற்க வைக்காமல் எதிரே உட்கார வையுங்கள். "ஏன் அடிச்சே" என்று கேட்டால் வாயே திறக்க மாட்டான். "என்ன நடந்துச்சு, முதல்ல இருந்து சொல்லு" என்று கேளுங்கள், பாதியில் குறுக்கிடாதீர்கள். அவன் செய்தது தப்பு என்பதைக் கடைசியில் ஒரே வாக்கியத்தில், உறுதியாகச் சொல்லுங்கள். இடத்தை மாற்றி முன் பெஞ்சில் உங்கள் கண்பார்வையில் வைத்துக்கொள்ளுங்கள், அது தண்டனை இல்லை என்பதையும் அவனிடம் சொல்லிவிடுங்கள்.

அப்பாவை உடனே பள்ளிக்கு வரச் சொல்லாதீர்கள். தோலை உரிக்கச் சொன்னவர் இவன் அப்பாவாகவே இருந்தால், கேட் வாசலிலேயே அடி விழும். அம்மாவோ பாட்டியோ, அவன் யார் பேச்சைக் கேட்பான் என்று விசாரித்து அவர்களை வரச் சொல்லுங்கள். வீட்டிலும் அவன் அடி வாங்குகிறான் என்று தெரிந்தால் தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்குப் பேசுங்கள்.