செடியும் சிம் அட்டையும்: கானா அனுபவங்கள்

டெமாவிலிருந்து:

டெமா துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிடங்கில் 2021 முதல் மூன்றாண்டுகள் கணக்குப் பார்த்தேன். வங்கிக் கணக்கை மெதுவாகத் தொடங்கிக்கொள்ளலாம், முதலில் ‘மோமோ’ எண்ணை வாங்குங்கள் என்று, போய் இறங்கிய வாரத்திலேயே எங்கள் ஓட்டுநர் சொல்லிவிட்டார். எம்.டி.என். நிறுவனம் கானாவில் 2009இல் தொடங்கிய கைபேசிப் பணச் சேவையின் பெயர் அது. இப்போது எந்த நிறுவனத்தின் சேவையையும் மக்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். தெருமுனையில் ஒரு மஞ்சள் குடை, பலகை அடித்த சிறு பெட்டிக்கடை, உள்ளே ஒரு பெண், அவர் முன்னால் ஒரு நீள நோட்டும் இரண்டு பட்டன் போன்களும். எங்கள் வட்டாரத்துக்கு வங்கிக் கிளை அதுதான். பணம் எடுக்க வேண்டுமானால் நம் கைபேசியில் *170# அழுத்தி முதலில் அனுமதி கொடுக்க வேண்டும். அவர் தொகையைப் பதிந்ததும் நம் திரை ரகசிய எண்ணைக் கேட்கும். அதைத் தட்டி முடித்த பிறகே அவர் செடிகளை எண்ணத் தொடங்குவார். (கானா நாணயத்தின் பெயர் செடி. கடையில் நின்று “ஐம்பது செடி” கேட்க எனக்குச் சில வாரங்கள் கூச்சமாகவே இருந்தது.) இப்படிப் பணம் எடுக்க இணைய இணைப்பே வேண்டாம்.

2022 மே மாதம் அரசு மின்பரிமாற்றங்களுக்கு 1.5 விழுக்காடு வரி விதித்தது. நாளொன்றுக்கு 100 செடி வரை அனுப்பினால் வரி இல்லை என்பதால், எங்கள் சுமைதூக்குவோர் கூலியை “இன்று நூறு, நாளை நூறு” என்று பிரித்துக் கேட்க ஆரம்பித்தார்கள். அவர்கள் கேட்டதில் தவறே இல்லை. ஆனால் ஒரே பதிவில் முடிய வேண்டிய கணக்கை நான் ஆறு பதிவுகளாக எழுதிக்கொண்டிருந்தேன். 2023 ஜனவரியில் வரி 1 விழுக்காடானது. நான் ஊர் திரும்பிய பிறகு, 2025 ஏப்ரலில், அடியோடு நீக்கப்பட்டது.

குமாசியிலிருந்து:

மேலே எழுதியவர் இணையம் வேண்டாம் என்று போகிற போக்கில் சொன்னதன் அருமை எனக்கு 2024 மார்ச் 14 அன்று தெரிந்தது. ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் கரைக்கு அப்பால், மேற்கு ஆப்பிரிக்காவுக்கு இணையத்தைக் கொண்டுவரும் கடலடி வடங்களில் வாக்ஸ், மெயின்ஒன், ஏஸ், சாட்-3 ஆகிய நான்கும் ஒரே நாளில் பழுதடைந்தன. முழுமையாகச் சீரடையக் குறைந்தது ஐந்து வாரங்களாகும் என்று கானாவின் தொலைத்தொடர்பு ஆணையம் அறிவித்தது. காலையில் என் வாட்ஸப்பில் கடிகாரக் குறி மட்டுமே நின்றது; சென்னையிலிருந்த அம்மாவுக்கு நான் அனுப்பிய செய்தி மாலைவரை போய்ச் சேரவில்லை. ஆனால் அதே காலையில் சந்தையில் வாழைக்காயும் தக்காளியும் வழக்கம்போல மோமோவில் விற்பனையாகிக்கொண்டிருந்தன.

அங்கு பலரும் இரண்டு சிம் வைத்திருப்பதை நான் அதுவரை வீண்செலவு என்றே நினைத்திருந்தேன். எப்போதோ மலிவாகக் கிடைத்ததென்று வாங்கி மேசை இழுப்பறையில் போட்டிருந்த குளோ சிம் நினைவுக்கு வந்தது. அந்த நிறுவனத்துக்குச் சொந்தமான குளோ-1 வடம் அன்று தப்பியிருந்தது. சிம்மை மாற்றி மாடிப்படியில் நின்றபோது, மெதுவாகத்தான் என்றாலும், இணைப்பு வந்தது. அம்மாவிடம் பேசி முடித்துத் திரும்பினால், கீழ்வீட்டுக்காரரின் இரண்டு பிள்ளைகள் ஹாட்ஸ்பாட் கடவுச்சொல்லுக்காகப் படியில் உட்கார்ந்திருந்தார்கள்.