வெற்றிக் கலாச்சாரம் முதலிலா, வெற்றி முதலிலா?

வலைப்பயிற்சி:
தொடர்ந்து தோற்கும் அணிக்குப் புதிதாக வரும் கோச் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: "முதலில் இந்த அணியின் கலாச்சாரத்தை மாற்றப்போகிறேன்." கேட்கிறவர்களில் பலர் இதை வெறும் பேச்சு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நாலு மேட்ச் ஜெயித்தால் கலாச்சாரம் தானாக வந்துவிடும் என்பது அவர்கள் வாதம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

அலெக்ஸ் பெர்குசன் 1986 நவம்பரில் இங்கிலாந்துக் கால்பந்து அணியான மான்செஸ்டர் யுனைடெட்டுக்குக் கோச்சாக வந்தார். முதல் கோப்பை கிடைத்தது 1990-ல், எஃப்.ஏ. கோப்பை. லீக் பட்டம் 1993-ல்தான். நடுவில் 1989 செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டியிடம் 5-1 என்று உதை வாங்கினார்கள். அந்த சீசனை லீக்கில் 13-ஆவது இடத்தில் முடித்தார்கள். ஜெயிக்காத அந்த வருஷங்களில்தான் அவர் அடித்தளம் போட்டார். வீரர்களிடம் இருந்த குடிப்பழக்கத்தோடு மோதினார். திறமையான சிறுவர்களைத் தேட ஆட்களை அதிகமாக்கினார். இளைஞர் அணியை அக்கறையோடு கவனித்தார். 1992-ல் இளைஞர் கோப்பை வென்ற பெக்காம், கேரி நெவில், நிக்கி பட் எல்லாம் அப்படி வளர்ந்தவர்கள். அப்புறம் மொத்தம் 13 லீக் பட்டங்கள். முதலில் வந்தது வழக்கம், கோப்பை பின்னால் வந்தது.

ஸ்கோர்ஷீட்:
நண்பரே, அதே கதையில் நீங்கள் இரண்டு பேரை விட்டுவிட்டீர்கள்.

ஒருவர் பால் மெக்ராத். 1989-ல் பெர்குசன் விற்றுவிட்ட தடுப்பாட்டக்காரர். தன் குடிப்பிரச்சினையைப் பற்றிப் பின்னாளில் அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். ஆஸ்டன் வில்லாவுக்குப் போனவர், 1992-93 சீசனில் சக வீரர்கள் வாக்களித்துக் கொடுக்கும் சிறந்த வீரர் விருதை வாங்கினார். அந்த வருஷம் லீக்கில் யுனைடெட்டுக்கு அடுத்த இடம் வில்லாவுக்குத்தான்.

இன்னொருவர் எரிக் கன்டோனா. 1992 நவம்பரில் யுனைடெட்டில் சேர்ந்தார், அந்த சீசனிலேயே பட்டம். 1995 ஜனவரியில் ரசிகர் ஒருவரை உதைத்து எட்டு மாதம் தடை வாங்கினார். பெர்குசன் அவரைக் கைவிடவே இல்லை. ஒழுங்குதான் முதல் என்றால் கன்டோனாவுக்கு ஏன் அந்த விலக்கு? ஆட்டத்தை ஜெயித்துக் கொடுப்பார், அதனால்தான்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. 1975-ல் பேரி ஸ்டா என்ற ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். மூன்று மூன்று பேராகக் குழு பிரித்து, ஒரு நிறுவனத்தின் கணக்கைக் கொடுத்து அடுத்து விற்பனையும் லாபமும் எவ்வளவு இருக்கும் என்று கணிக்கச் சொன்னார். பிறகு சில குழுக்களிடம் "நன்றாகச் செய்தீர்கள்" என்றும் மற்றவர்களிடம் "மோசமாகச் செய்தீர்கள்" என்றும் சொன்னார்கள். உண்மையில் எப்படிச் செய்தார்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. ஆனால் நன்றாகச் செய்ததாகக் கேட்டவர்கள், எங்கள் குழுவில் ஒற்றுமை அதிகம், மனம்விட்டுப் பேசினோம், உற்சாகமாக இருந்தோம் என்று எழுதினார்கள். மோசம் என்று கேட்டவர்கள் அதற்கு நேர்மாறாக எழுதினார்கள்.

கோப்பை ஜெயித்த அணியின் வீரர் "எங்கள் டிரெஸ்ஸிங் ரூம் ஒரு குடும்பம்" என்று பேட்டி கொடுக்கும்போது எனக்கு இந்தச் சோதனைதான் ஞாபகம் வருகிறது. அவர் பொய் சொல்லவில்லை. ஜெயித்தபின் பார்த்தால் எல்லாமே அப்படித்தான் தெரியும்.

பழைய கீப்பர்:
நான் ஸ்கோர்ஷீட் பக்கம். 1983-ஐ விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. 1975, 1979 இரண்டு உலகக் கோப்பையிலும் சேர்த்து இந்தியா ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம், கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு எதிராக. 1979-ல் அப்போது டெஸ்ட் அந்தஸ்துகூட இல்லாத இலங்கையிடம் தோற்றோம். ஒருநாள் போட்டியில் இந்த அணிக்கு என்ன வெற்றிக் கலாச்சாரம் இருந்திருக்கும்?

1983 மார்ச்சில் பெர்பிஸில் ஒருநாள் போட்டி. கவாஸ்கர் 90, கபில் 72. மேற்கிந்தியத் தீவுகளை அவர்கள் மண்ணிலேயே 27 ரன்னில் சாய்த்தோம். ஜூனில் உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்திலேயே மறுபடி அவர்களை அடித்தோம். ஃபைனலில் 183-க்குச் சுருண்ட பிறகும் அவர்களை 140-ல் மடக்க முடிந்தது என்றால், இவர்களை ஏற்கெனவே ஜெயித்திருக்கிறோம் என்ற நினைப்பு உள்ளே இருந்ததால்தான். அந்த நம்பிக்கை ஸ்கோர்போர்டிலிருந்து வந்தது, எந்தக் கோச்சின் பேச்சிலிருந்தும் இல்லை.

வலைப்பயிற்சி:
அண்ணா, 1983-ஐ ஜூனோடு நிறுத்தினால் எப்படி? அதே வருஷக் கடைசியில் மேற்கிந்தியத் தீவுகள் இங்கே வந்தார்கள். ஒருநாள் தொடர் 5-0, டெஸ்ட் தொடர் 3-0, இரண்டும் அவர்களுக்கு. உலகக் கோப்பை கையில் இருந்தது. அதைவிடப் பெரிய வெற்றி எது? வெற்றிதான் கலாச்சாரத்தைக் கொண்டுவரும் என்றால் அந்த ஐந்தில் ஒன்றாவது நம் பக்கம் விழுந்திருக்க வேண்டாமா?

பழைய கீப்பர்:
தம்பி, 1985 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பை ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் ஜெயித்தார்களே, அதுவும் 1983-இன் பிள்ளைதான். எதுவும் ஆறு மாதத்தில் முளைக்காது. அன்றைக்கு மார்ஷலும் ஹோல்டிங்கும் போட்ட பந்துக்கு எந்தக் கலாச்சாரமும் பதில் சொல்லியிருக்காது.

வாலிபால் கோச்:
பள்ளி மாணவிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். பெரிய அணிகளைப் பற்றி நீங்கள் பேசுவது எல்லாம் சரி. ஆனால் தோற்கும் அணியோடு தினமும் மைதானத்தில் நிற்கிறவளுக்கு இந்தக் கேள்வி வேறு மாதிரி இருக்கிறது. வெற்றி வரட்டும், அப்புறம் பழக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் உட்கார முடியாது. நாளைக்குக் காலையில் எதையாவது செய்யச் சொல்லியாக வேண்டும்.

நான் சொல்வது சின்ன விஷயங்கள்தான். பந்து தன்னிடம் வரும்போது "என் பந்து" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். பாயிண்ட் போனாலும் ஆறு பேரும் நடுவில் கூடிவிட்டுத்தான் இடத்துக்குத் திரும்ப வேண்டும். தவறு செய்தவளைப் பார்த்து யாரும் கையை விரிக்கக் கூடாது. ஜெயிக்காத அணியில் இதைக் கொண்டுவருவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? பிள்ளைகள் செய்வார்கள், ஆனால் நம்ப மாட்டார்கள். "இதைச் செய்தும் தோற்கிறோமே மேடம்" என்பார்கள்.

உண்மையான சோதனை ஸ்மாஷ் அடிப்பதில் கெட்டிக்காரியான பெண் பயிற்சிக்குத் தாமதமாக வரும்போது. அவளை உட்கார வைத்தால் அன்றைய ஆட்டம் போய்விடும். உட்கார வைக்காவிட்டால் மற்ற பதினொரு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் உட்கார வைத்தேன், தோற்றோம். அதற்குப் பிறகு நேரம் பற்றி நான் யாரிடமும் பேச வேண்டியிருக்கவில்லை. அந்த சீசனில் ஜெயித்துவிட்டோம் என்று கதை சொல்ல மாட்டேன். பெரிதாக ஒன்றும் ஜெயிக்கவில்லை. ஆனால் அந்த அணி அழகாகத் தோற்றது, அடுத்த வருஷம் யாரும் விலகவில்லை.

ஸ்கோர்ஷீட்:
கோச், உங்கள் வேலையின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. பிள்ளைகளை வளர்க்க அந்த ஒழுங்கு அவசியம், ஜெயித்தாலும் தோற்றாலும். என் சண்டை, அந்த ஒழுங்குதான் கோப்பையைக் கொண்டுவந்தது என்று எழுதுகிறவர்களோடு.

லெஸ்டர் சிட்டி 2016 மே மாதம் இங்கிலாந்து லீக் பட்டம் வென்றது. அந்த அணியின் ஒற்றுமையைப் புகழாத பத்திரிகை இல்லை. 2017 பிப்ரவரியில் கோச் ரனியேரியைப் பதவிநீக்கம் செய்தார்கள். அணி கீழ் லீக்குக்குத் தள்ளப்படும் விளிம்பில் இருந்தது. கலாச்சாரம் ஒன்பது மாதத்தில் ஆவியாகிவிட்டதா? இடையில் லெஸ்டரின் முக்கிய ஆட்டக்காரர் என்கோலோ கான்டே செல்சிக்குப் போனார். அந்த சீசன் பட்டம் செல்சிக்கு. லெஸ்டரில் இருந்தவர்கள் பெரும்பாலும் பழைய ஆட்கள், பழைய அறை.

அமெரிக்க பேஸ்பாலில் ஓக்லண்ட் ஏஸ் அணி 1972, 73, 74 என்று வரிசையாக மூன்று முறை உலகத் தொடர் என்ற சாம்பியன் பட்டத்தை ஜெயித்தது. வீரர்கள் தங்களுக்குள்ளேயே கைகலப்பு வரை போனவர்கள். முதலாளியோடும் ஓயாத சண்டை. அப்படியும் ஜெயித்தார்கள், ஏனென்றால் பிரமாதமான ஆட்டக்காரர்கள். அதேபோல, கோச் சொன்ன எல்லா நல்ல பழக்கங்களையும் வைத்திருந்து கடைசி இடத்தில் முடித்த அணிகள் எத்தனையோ இருக்கும். அவற்றைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

மூன்றாம் நடுவர்:
நியூசிலாந்து ரக்பி அணியைச் சொல்லாமல் விடுகிறீர்களே. 2004-இல் தென்னாப்பிரிக்காவிடம் தோற்றபின் கோச் கிரஹாம் ஹென்றியும் உடனிருந்தவர்களும் அணியின் நடைமுறைகளைக் கலைத்துப்போட்டு, மூத்த வீரர்களுக்குப் பொறுப்பைப் பிரித்துக் கொடுத்தார்கள். 2007 உலகக் கோப்பைக் காலிறுதியில் பிரான்ஸிடம் 20-18 என்று வெளியேறினார்கள். நாடே கொந்தளித்தது. இருந்தும் ஹென்றியை மாற்றவில்லை. 2011-ல் அதே பிரான்ஸை 8-7 என்று ஜெயித்துக் கோப்பை வாங்கினார்கள், 2015-லும் வாங்கினார்கள். தோற்ற பிறகும் அதே வழியில் நின்றார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஜெயித்ததால் வந்த கலாச்சாரம் என்றால் 2007-லேயே செத்திருக்கும்.

பழைய கீப்பர்:
அவர்கள் நூறு வருஷமாக ஜெயித்துக்கொண்டிருப்பவர்கள். ஒரு காலிறுதித் தோல்வியை அந்தக் கையிருப்பு தாங்கும். எதுவும் ஜெயிக்காத அணிக்கு அந்தப் பொறுமையை எந்த வாரியம் கொடுக்கும்?

ஆனால் வெற்றி கொண்டுவரும் கலாச்சாரம் எப்போதும் நல்லதாக இருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. 2018 மார்ச்சில் கேப் டவுனில் ஆஸ்திரேலியர்கள் விதியை மீறிப் பந்தை உப்புத்தாளால் தேய்த்துச் சிக்கினார்கள். ஸ்மித்துக்கும் வார்னருக்கும் ஒரு வருஷத் தடை. அதன்பின் நடந்த ஆய்வு, என்ன விலை கொடுத்தாவது ஜெயிக்க வேண்டும் என்ற மனப்போக்கு வாரியம் வரை இருந்ததாகச் சொன்னது. அதுவும் ஜெயித்து ஜெயித்து வளர்ந்த கலாச்சாரம்தான்.

ஸ்கோர்ஷீட்:
கோச்சிடம் நேராக ஒரு கேள்வி. நிர்வாகி நீங்கள் என்று வையுங்கள். புது கோச் வந்து ஒரு சீசன் முடிந்துவிட்டது, அணி இன்னும் கடைசி இடம். "கலாச்சாரம் மாறிக்கொண்டிருக்கிறது" என்கிறார். புள்ளிப்பட்டியலைத் தொடாமல், எதைப் பார்த்து அவரை நம்புவீர்கள்?

வாலிபால் கோச்:
சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பயிற்சிக்குப் போவேன். அணியில் இடம் கிடைக்காதவர்கள் வந்திருக்கிறார்களா, வந்தவர்கள் முழுமூச்சாக ஆடுகிறார்களா என்று பார்ப்பேன். கோச் முதுகைத் திருப்பும்போது பயிற்சியின் வேகம் குறைகிறதா என்று பார்ப்பேன். தவறு நடந்ததும் முதலில் பேசுவது கோச்சா, பக்கத்தில் நிற்கிற வீராங்கனையா என்பதைக் கவனிப்பேன். பக்கத்தில் இருப்பவள் பேசினால் அங்கே ஏதோ பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் போன சீசனில் யாரையாவது, அதனால் தோற்றாலும் பரவாயில்லை என்று வெளியே உட்கார வைத்தாரா என்று கேட்பேன்.

இதெல்லாம் சரியாக இருந்து, அடுத்த சீசனும் கடைசி இடம் என்றால் கோச்சை மாற்ற மாட்டேன். நல்ல ஆட்டக்காரர்களைத் தேடுவேன்.

ஸ்கோர்ஷீட்:
அந்தத் தேடலை நான் முதல் சீசனிலேயே தொடங்கியிருப்பேன், கோச். உங்கள் பிள்ளைகள் "இதைச் செய்தும் தோற்கிறோமே" என்று இரண்டு வருஷம் கேட்க வேண்டியிருக்காது.

வாலிபால் கோச்:
தேடிக் கொண்டுவரும் கெட்டிக்காரி வந்து சேரும் அறை எப்படி இருக்க வேண்டும் என்பதற்குத்தான் எனக்கு அந்த முதல் சீசன் வேண்டும்.