சக்கர நாற்காலியோடு நுழையும் குளியலறை: வாட்டமும் கைப்பிடியும் குறித்து ஆலோசனை தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பக்கவாதத்திற்குப் பின் சக்கர நாற்காலியில் நடமாடும் என் தந்தைக்காக, தஞ்சாவூர் வீட்டின் தரைத்தளக் குளியலறையை, படியோ தடுப்போ இல்லாமல் மாற்றியமைக்க இருக்கிறோம். அறை 8 அடிக்கு 6 அடி. நாற்காலி திரும்புவதற்கு வேண்டிய 1500 மி.மீ. வட்டம் கிடைத்துவிடும். கதவை 900 மி.மீ. அகலச் சறுக்குக் கதவாக்குகிறோம்.

சிக்கல் வாட்டத்தில்தான், அதாவது தண்ணீர் வடிய தரைக்குக் கொடுக்கும் சரிவில்தான். வாசலில் இரண்டு அங்குலத் தடுப்பு கட்டாவிட்டால் தண்ணீர் படுக்கையறைக்குள் வரும் என்று கொத்தனார் உறுதியாகச் சொல்கிறார். அந்தத் தடுப்பை ஏற்றால் இந்த வேலையே வீண் என்பது என் கருத்து. வாசலிலிருந்து எதிர்ச் சுவர்வரை 50-க்கு 1 என்ற கணக்கில் (50 அங்குல நீளத்துக்கு 1 அங்குல இறக்கம்) ஒரே திசையில் சரித்து, சுவரோரம் நீளவாக்கில் வடிகால் வைத்தால், நடுவிலுள்ள வடிகாலை நோக்கி நான்கு பக்கமும் சரிக்கும்போது சக்கரம் ஆடுவது போன்ற தொல்லை இராது என நினைக்கிறேன். ஆனால் எங்கள் போர் தண்ணீரின் உப்பு படிந்து அத்தகைய வடிகாலின் சல்லடை அடைத்துக்கொள்ளுமா? வாசலிலும் அப்படி ஒரு வடிகால் வைப்பது நல்லதா?

அடுத்தது கைப்பிடி. அவருக்கு இடப்பக்கம் பலமில்லை; ஆகவே கழிப்பறை இருக்கையில் அமர்ந்தால் வலக்கைக்கு எட்டும் சுவரில்தான் கம்பி வரவேண்டும், அதுவோ நாலரை அங்குலச் செங்கல் சுவர். முழு உடல் எடையையும் தாங்க சுவர்த் துளைக்குள் விரிந்து இறுகும் ஆங்கர் போல்ட் போதுமா, அல்லது சுவரைத் துளைத்து மறுபுறம் இரும்புத் தகடு வைத்து முடுக்க வேண்டுமா? இத்தகைய சுவரில் கம்பி பொருத்திப் பயன்படுத்தி வருபவர்கள் விவரம் எழுதினால், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே அதைச் செய்துவிடலாம்.